வாடகை யார் தலையில்?

ஜப்பானிய அனிமேஷன் நிறுவனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் டோக்கியோவில் இருக்கின்றன. அங்கும் நெரிமா, சுகினாமி ஆகிய மேற்கு வார்டுகளில்தான் நெருக்கம் அதிகம். நெரிமா வார்டு தன்னை ஜப்பானிய அனிமேஷனின் பிறப்பிடம் என்று சொல்லிக்கொள்கிறது; 2015இல் ஓயிசுமி-காகுவென் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆஸ்ட்ரோ பாய் என்ற கார்ட்டூன் நாயகனுக்குச் சிலையும் வைத்தது. இந்த நெருக்கத்தைப் புகழ்பவர்கள் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலைத் துணைக்கு அழைப்பார்கள்: ஒரே தொழில் செய்வோர் ஒரே இடத்தில் கூடினால் திறமை பரவும், ஆள் எளிதில் கிடைக்கும், துணைத் தொழில்கள் வந்து சேரும். இதில் பொய் இல்லை. காகிதத்தில் வரைந்த காலத்தில், தயாரிப்பு உதவியாளர்கள் நள்ளிரவில் காரோட்டிப் போய் வீடு வீடாகப் படக்கட்டுகளை, அதாவது வரைந்த தாள்களின் கட்டுகளை, வாங்கி வந்தார்கள். நான்கு தெரு தள்ளி இருப்பதற்கும் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கும் இடையில் ஒரு ஒளிபரப்பே தவறிப்போகலாம். குரல் நடிகர்களும் அந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் இது ஸ்டூடியோவின் வரவுக் கணக்கு. செலவு யார் பெயரில் எழுதப்படுகிறது என்று இந்தப் புகழ்ச்சிகள் கேட்பதே இல்லை.

முதலில், இந்தக் கூட்டம் தானாக முளைத்ததல்ல. 1956இல் தொடங்கிய தோயே, 1961இல் மங்கா கலைஞர் தெசுகா ஒசாமு தொடங்கிய முஷி ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் நெரிமாவில் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து வேலை வாங்கின. 1963இல் ஆஸ்ட்ரோ பாய் தொலைக்காட்சிக்கு வந்து, வாராவாரம் அரைமணி நேரப் படம் என்ற ஓட்டம் தொடங்கியது. 1972இல் தோயே ஆட்குறைப்பில் இறங்கிக் கதவடைப்பு வரை போனது. 1973இல் முஷி திவாலானது. வெளியே வந்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே சிறு நிறுவனங்களைத் தொடங்கினார்கள். மேட்ஹவுஸும் சன்ரைஸும் 1972இல் அப்படி முஷியின் ஆட்களிடமிருந்து பிறந்தவை. இன்று படைப்பாற்றலின் சூழல் என்று போற்றப்படும் வரைபடத்தில் பெரும்பகுதி, இரண்டு முதலாளிகள் சம்பளப் பட்டியலைக் கைவிட்டபோது சிதறியவர்களின் முகவரிப் பட்டியல்தான்.

அந்த முகவரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒரு வசதி பிறந்தது: எந்த ஸ்டூடியோவும் யாரையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொடர் கையில் இருக்கும்போது அழைத்தால் போதும். முடிந்ததும் அவர்கள் அடுத்த தெருவுக்குப் போவார்கள். வேலையில்லாத மாதங்களின் சுமை நிறுவனத்திலிருந்து வரைபவர் தலைக்கு மாறியது. பயிற்சியும் அப்படியே நசிந்தது. கற்றுக்கொடுத்த கை நாளை பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய்விடும் என்றால் கற்றுக்கொடுக்க எவருக்கு மனம் வரும்? மார்ஷல் சொன்ன திறமைப் பரவல் பொதுக் கிணறானது: எல்லோரும் இறைத்தார்கள், தூர்வாருவது எவர் வேலையாகவும் இல்லை. அசைவின் முக்கிய நிலைகளுக்கு இடையில் வரையப்படும் இடைப்படங்களுக்கு ஒரு தாளுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். அவற்றில் பெரும்பகுதி கொரியாவுக்கும் சீனாவுக்கும் போய்விட்டதால், இளையவர் கைபழகும் முதல் படியும் தேய்ந்தது. 2015இல் வெளியான அனிமேஷன் கலைஞர் சங்கத்தின் ஆய்வில் இடைப்படம் வரைவோரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 11 லட்சம் யென்; நாட்டின் சராசரிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த வருமானத்தில் நாட்டிலேயே மிக விலையுயர்ந்த நகரத்தில் வாடகை கட்ட வேண்டும். முடியாதவருக்குப் பெற்றோர் பணம் அனுப்புகிறார்கள் என்றால், இந்தக் கூட்டத்துக்கு மானியம் தருவது அந்தக் குடும்பங்கள்தான்.

டோக்கியோவை விட்டுத் தள்ளியிருந்தால் தரம் குறையும் என்பார்கள். கியோட்டோ அனிமேஷன் 1981இல் டோக்கியோ நிறுவனங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுப்பதில் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஹத்தா யோகோ முஷியில் வேலை பார்த்தவர். கியோட்டோவுக்கு அருகே அது இருந்த உஜியில் ஆட்களைக் கடன் வாங்க அண்டை ஸ்டூடியோ இல்லாததால் அவர்களை நிரந்தரமாக எடுத்து, சம்பளம் கொடுத்து, தன் பள்ளியிலேயே பயிற்றியது. பிறகு தானே நாவல் போட்டி நடத்தி, நூல் வெளியிட்டு, அந்தக் கதைகளைப் படமாக்கியது. அசைவின் நுணுக்கத்தில் அதை மிஞ்ச டோக்கியோ திணறியது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். சந்தை தராததை நிறுவனமே செய்ய வேண்டி வந்த கட்டாயம் தரத்தையும் கூட்டியது.

அது விதிவிலக்கு, தொயாமா மாகாணத்தின் பி.ஏ. வொர்க்ஸ் ஸ்டூடியோகூட டோக்கியோவில் ஒரு அலுவலகம் வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். வைத்திருக்கிறது.  ஆனால் அந்த அலுவலகத்தின் தேவை எங்கிருந்து வருகிறது? பதிப்பகம், தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம், பொம்மைக் கம்பெனி ஆகியவை சேர்ந்த தயாரிப்புக் குழுவிடம்தான் பணமும் உரிமையும் இருக்கின்றன; அது கூடுவது டோக்கியோவில். ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தத் தொகை மட்டுமே. படக்கட்டு இன்று கம்பி வழியே போகலாம், காரில் போக வேண்டியதில்லை. எனவே இன்று ஸ்டூடியோக்களை அங்கே கட்டிவைத்திருப்பது அடுத்த தெருத் தோழனைவிட, அடுத்த ஆர்டரைத் தருபவரின் வாசல். தயாரிப்புக் குழுவில் ஸ்டூடியோவுக்கு உரிமைப் பங்கு கிடைக்காத வரை, நெரிமாவில் இன்னும் பத்து ஸ்டூடியோ கூடினாலும் இடைப்படத் தாளின் விலை ஏறப்போவதில்லை.