புகழுக்கு முந்திய இசை: 'யூரோப்' குழுவினரின் இரண்டாவது தட்டு

ஸ்வீடன் தேசத்து 'யூரோப்' குழுவினரைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்போர் உடனே 1986-ல் வெளிவந்த 'தி ஃபைனல் கவுன்ட்டவுன்' பாட்டின் தொடக்க முழக்கத்தை வாயால் ஒலித்துக் காட்டுவர். அம்முழக்கத்தை நாம் இகழ வரவில்லை. ஆயினும் வெற்றி ஒன்றைக் கொண்டே கலைஞனை அளப்பது, விளைச்சலைப் பார்த்து உழவை மறப்பதற்கொப்பாகும். அவ்வெற்றிக்கு இரண்டாண்டு முன்னர், 1984-ல், இவர்கள் வெளியிட்ட 'விங்ஸ் ஆஃப் டுமாரோ' என்னும் இரண்டாவது இசைத்தட்டே இவர்களை உள்ளபடி காட்டுவதென்பது நமது துணிபு. அதற்குக் காரணமும் காட்டுவோம்.

ஸ்டாக்ஹோம் நகருக்கு வடக்கேயுள்ள உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்னும் ஊரில், 1979-ல், 'ஃபோர்ஸ்' என்ற பெயரோடு ஒன்றுகூடிய பிள்ளைகள் இவர்கள். 1982-ல் 'ராக்-எஸ்.எம்.' என்ற ஸ்வீடன் நாட்டுப் போட்டியில் வென்றனர். இசைத்தட்டுப் பதிக்கும் வாய்ப்பே பரிசாகக் கிட்டியது. 1983-ல் முதல் தட்டு வந்தது. மறு ஆண்டே இரண்டாவது. பாடகர் ஜோயி டெம்பஸ்டுக்கும், கிதார் வாசித்த ஜான் நோரமுக்கும் அப்போது வயது இருபது. ஜான் லெவேன் பாஸ் கிதாரையும், டோனி ரீனோ டிரம்மையும் ஏற்றிருந்தனர். யாருடைய சிபாரிசும் இன்றித் தம் திறமையால் மேலேறிய வாலிபர்கள் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க.

'மெலடிக் ராக்' எனப்படும் இவ்விசை இரண்டு மாடு பூட்டிய வண்டி போன்றது. ஒன்று மின் கிதாரின் உரத்த ஓசை. மற்றொன்று ஒருமுறை கேட்டாலே நெஞ்சிற் பதியும் மெட்டு. ஒன்று முந்தினாலும் வண்டி சாயும். இத்தட்டில் இரண்டும் சமமாய் இழுக்கின்றன. கீபோர்டுக்கென்று தனியாள் அப்போது இல்லை. வேண்டிய இடத்தில் டெம்பஸ்டே வாசித்தார். ஆகவே கிதாருக்கு அடங்கியே அவ்வோசை நிற்கிறது. மார்செல் ஜேக்கப்புடன் சேர்ந்து எழுதிய 'ஸ்க்ரீம் ஆஃப் ஆங்கர்' சினத்தோடு பாய்கிறது. 'டிரீமர்' பியானோவின் துணையால் உருகுகிறது. நோரம் இயற்றிய 'அஃபேசியா'வில் சொல்லே கிடையாது. பேச்சிழந்த நோயின் பெயரைத் தாங்கிய அவ்விசையில் கிதார் ஒன்றே பேசுகிறது. அப்பெயரின் பொருத்தம் மெச்சத்தக்கது.

இனிய மெட்டு பாமரர்க்கு, கடிய ஓசையே அறிந்தோர்க்கு எனச் சிலர் வகுப்பர். இப்பிரிவினை நமக்கு உடன்பாடன்று. பலர் நெஞ்சிலும் ஒட்டும் மெட்டைக் கட்டுவது எளிய வேலையாயின், போட்டியில் தோற்ற எத்தனையோ குழுக்கள் ஏன் அதைச் செய்யவில்லை?

குறைகளையும் மறைக்கலாகாது. 'டான்ஸ் தி நைட் அவே' போன்ற பாட்டுகள் இடத்தை நிரப்புவனவேயன்றி மனத்தை நிரப்புவனவல்ல. பாட்டின் சொற்களோ மிக மெலிந்தவை. புயல், சிறகு, நாளை, கனவு என்று பெரும் பொருள்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளியில் ஆங்கிலம் கற்று, அதைக் கொண்டே கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதன் காரணத்தை அறிவோம். பிற மொழியிற் பெரிய சொற்கள் முதலில் கைவருகின்றன. அடுப்படியிலும் தெருவிலும் வழங்கும் சிறிய சொற்கள் கடைசியிலேதான் வருகின்றன. ஸ்வீடிஷ் பேசி வளர்ந்த வாலிபர் ஆங்கிலத்தில் எழுதியபோது அவருக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால் சொல் தளர்ந்த இடத்தைக் குரல் தாங்கிவிடுகிறது.

நமது துணிபுக்குச் சான்று வேண்டுவோர் 'ஓப்பன் யுவர் ஹார்ட்' என்ற பாட்டைக் கேட்கட்டும். இத்தட்டில் வந்த அதையே 1988-ல் 'அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' தட்டுக்காக மீண்டும் பதித்தனர். பின்னதில் மெருகு மிகுதி. முன்னதில் உயிர் மிகுதி. முதற் பதிவிலே ஒரு வாலிபன் கேட்கிறான். இரண்டாவதிலே கைதேர்ந்த பாடகன் பாடிக்காட்டுகிறான்.

இடையில் நிகழ்ந்ததென்ன? கீபோர்டு ஓசை கிதாரை அமுக்கிவிட்டதென்ற மனக்குறையோடு, பெருவெற்றி பெற்ற 1986-லேயே நோரம் விலகினார். பின்னர் அவரும் திரும்பிவந்து, 2004-ல் 'ஸ்டார்ட் ஃப்ரம் தி டார்க்' வெளிவந்தபோது, கிதாரே மறுபடியும் முன்னின்றது. இருபது வயதில் கைவந்த சமநிலையை வெற்றி கலைத்துவிட்டது. அதை மீண்டும் தேட நெடுங்காலமாயிற்று.

முழக்கத்தை மட்டும் கேட்ட நேயர்கள் இத்தட்டையும் ஒருமுறை கேட்பார்களாக. புகழ் வருமுன் ஒருவன் எப்படிப் பாடினான் என்பதை அறியாமல், புகழ் அவனுக்குச் செய்தது நன்மையா தீமையா என்று தீர்ப்புக் கூறல் இயலாது.