மாற்றியவர் ஒருவர்தானா?

சமுதாயத்தை மாற்றியவர்களைப் பற்றி மாணவ மாணவியர் பேசுகிறார்கள், வந்து கேளுங்கள் என்று கல்லூரியொன்றிலிருந்து அழைப்பு வந்தது; சென்றோம். வகுப்பறையில் திரை கட்டி, படம் காட்டி, ஆளுக்குப் பத்து மணித்துளி பேசினார்கள். தடுமாறாத குரல், உழைத்துத் திரட்டிய செய்திகள், அதிலும் பெண்கள் பேசிய பாங்கு! பாராட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் கேட்டவற்றை எண்ண எண்ண ஒரு குறை உறுத்துகிறது. அதை மறைத்துப் புகழ்வது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு மாணவி பேசினார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தது, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இடம் பெற்றது, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது, சட்டசபையில் துணைத்தலைவராக அமர்ந்தது, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டது - எதையும் விடவில்லை. பிறகு சொன்னார்: "அம்மையார் தேவதாசி முறையை ஒழித்தார்." அடுத்த படம் வந்துவிட்டது.

ஒழித்தார்! எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது, பாருங்கள்! அம்மையார் சட்டசபையை விட்டு வெளியேறியது 1930இல். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1947இல். இடையில் கிடக்கும் பதினேழு ஆண்டுகள் எங்கே போயின? சட்டத்தைத் தடுத்தவர் யார்? கோயில் மரபு கெடும், கலை அழியும் என்று வாதாடியவர்கள் வீதியில் திரிந்த வீணர்கள் அல்லர். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவரே எதிர்ப்புறம் நின்றார். தேவதாசியரிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து மனுக் கொடுத்தனர். எங்கள் நிலமும் பிழைப்பும் என்னாவது என்று அவர்கள் கேட்டதைக் கேலி செய்து தள்ளிவிட முடியுமா? ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலத்தை ஊழியமின்றியே அப்பெண்கள் வைத்துக்கொள்ள 1929இல் வழி செய்தார்களே, அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தானே! இவ்வளவும் அந்த ஒற்றை வாக்கியத்தின் அடியில் புதைந்துவிட்டது.

புதைந்தது இன்னொன்றும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாசிக்குலத்தில் வளர்ந்து, அந்தத் தளையைத் தாமே அறுத்து வெளிவந்தவர். மன்றத்தில் மருத்துவர் வாதிட்ட பொருளை, மக்களிடம், மேடை மேடையாக எடுத்துச் சென்றவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலை எழுதினார். நாவல் என்ற அளவில் அதில் பேச்சு மிகுதி. கதை நின்று பிரசங்கம் நடக்கும் இடங்கள் பல. இருந்தாலென்ன? அந்த வீட்டின் உட்சுவரைக் கண்டவர் எழுதிய எழுத்தல்லவா அது!

வேடிக்கையைக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022இல் அந்த அம்மையாரின் பெயரால்தான் தொடங்கப்பட்டது. வகுப்பில் அந்தத் தொகையைப் பெறுவோர் சிலர் இருந்தனர். "யார் அந்த அம்மையார்?" என்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அயல்நாட்டுக் கதைக்கும் இதே கதிதான். களைத்துப்போன தையற்காரி ஒருத்தி பேருந்தில் எழ மறுத்தாள், அமெரிக்கா மாறியது என்றார் ஒரு மாணவர். ரோசா பார்க்சு பல்லாண்டுகள் நீக்ரோ உரிமைச் சங்கத்தின் கிளைச் செயலாளராக உழைத்தவர் என்பதும், அதே மாண்ட்கமரி நகரில் அதே 1955இல், ஒன்பது மாதம் முன்னதாகவே, கிளாடட் கால்வின் என்ற பதினைந்து வயதுச் சிறுமி எழ மறுத்துக் கைதானாள் என்பதும் அவர் பேச்சில் இல்லை. நகரத்துக் கருப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தார்களே, அந்தக் கால்களும் இல்லை.

அவதாரக் கதையை எள்ளி நகையாடும் இளைஞர்கள் இவர்கள். ஆனால் அரக்கன் தோன்றினான், ஒருவர் பிறந்தார், அழித்தார் என்ற அதே அச்சில்தானே சீர்திருத்தக்காரரையும் வார்க்கிறார்கள்! இங்கே அரக்கனையும் காணோம். எதிர்த்தவன் பெயரைச் சொல்ல நாணம் போலும்.

கூட்டம் கலையும் வேளையில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "ஐயா, அப்படிப்பட்டவர்கள் இப்போது ஏன் பிறப்பதில்லை?" கபடமற்ற கேள்வி. அன்று மாலை முழுதும் கேட்ட பேச்சுகள் அவர் உள்ளத்தில் விளைவித்தது அதுதான். அவரையும் மற்றவர்களையும் ஒன்று கேட்டுக்கொண்டோம்: அடுத்த முறை பேசும்போது பிறந்த ஊரையும் பெற்ற விருதையும் குறைத்து, எதிர்த்தவர் என்ன சொல்லி எதிர்த்தார், உடன் நின்றவர் யார், எத்தனை ஆண்டு பிடித்தது, சட்டம் வந்த பிறகும் எது மாறவில்லை என்று தேடிச் சொல்லுங்கள் என்றோம். நாவலின் பெயரைத் திரும்பச் சொல்லக் கேட்டு அந்த மாணவி எழுதிக்கொண்டார். கல்லூரி நூலகத்தில் அது இருக்கிறதா என்று ஆசிரியரை வினவினோம். பார்த்துச் சொல்வதாகக் கூறினார்.