சிற்றம்பலமும் சிதம்பரமும்

சிவமயம்

கம்மாபுரத்தில் வாழும் எம்போல்வார்க்கு ஒருபால் திருமுதுகுன்றமும் மற்றொருபால் தில்லையும் வழிபடு தலங்களாய் அமைந்துள்ளன. இரண்டற்கும் தமிழ்ப்பெயரும் வடமொழிப்பெயரும் உள. அவ்வடமொழிப்பெயர்கள் வந்த வழி ஒன்றே எனக் கருதுதல் பிழையாம். முதுகுன்றம் விருத்தாசலம் எனப்பட்டது மொழிபெயர்ப்பு. முதுமை விருத்தமாயிற்று, குன்றம் அசலமாயிற்று. ஆண்டுப் பொருள் நிற்ப ஒலி மாறிற்று. சிற்றம்பலம் சிதம்பரம் எனப்பட்டதோ அதற்கு மறுதலை. ஈண்டு ஒலி ஏறக்குறைய நிற்பப் பொருள் மாறிற்று.

சிறுமை என்னும் பண்புப்பெயர் அம்பலம் என்பதனோடு புணருங்கால் ஈறு போதலும் தன்னொற்று இரட்டலும் பெற்றுச் சிற்றம்பலம் என முடியும். சிறிய மன்றம் என்பது அதன் நேர்பொருள். சித் என்பது அறிவு. அம்பரம் என்பது வெளி. ஆகவே சிதம்பரம் ஞானவெளி எனப் பொருள்படும். அம்பரம் ஆடைக்கும் பெயராயினும், ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்தலமாகிய தில்லைக்கு வெளி என்பதே பொருந்தும்.

இப்பெயர்களை ஆராய்வார் இருதிறத்தர். சிதம்பரமே முந்தியது, சிற்றம்பலம் அதன் சிதைவு என்பர் ஒருசாரார். சிதம்பரம் பிற்காலத்து ஒலித்திரிபு, ஆதலின் ஞானவெளி என்பது வெறுங் கற்பனை என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் ஆராயற்பாலன.

முன்னையோர் கூற்றுப் பொருந்தாது. மூவர் தேவாரத்துள் ஊர் தில்லை எனவும் பெரும்பற்றப்புலியூர் எனவும், மன்றம் சிற்றம்பலம் எனவும் வழங்கப்படுதல் காண்க. அன்றியும், அத்திருக்கோயிலுள்ளே பேரம்பலம் என ஒன்று உண்மையின், அதனை நோக்கியே இது சிற்றம்பலம் எனப்பட்டதென்பது தெளிவு. சிதைந்த சொல்லாயின் இத்தகைய இணை அதற்கு வாயாது. அற்றேல், திருமந்திரத்துள் சிதம்பரம் என்னும் சொல் உண்டேயெனின், உண்டு. ஆயின், ஒன்பதாம் தந்திரத்துத் திருக்கூத்துப் பகுதியில் அஃது எங்கும் உளதாகவே ஓதப்படுகின்றது. எங்கும் உளதாகிய ஒன்று ஓர் ஊரின் பெயராதல் யாங்ஙனம்? ஆண்டு அது ஞானவெளியையே குறித்தது என்க.

ஈண்டு எம் பிழையொன்றையும் மறையாது கூறுதல் கடனாகும். யாம் ஆசிரியத் தொழில் பூண்டிருந்த நாளில், மாணாக்கன் ஒருவன் சிற்றம்பலம் என்பதற்குச் சிறிய அம்பலம் என்று எழுதினான். உலகெலாம் ஆட்டுவிக்கும் பெருமான் நின்றாடும் மன்றைச் சிறிது எனலாமோ என வெகுண்டு, அவ்விடையை அடித்து நீக்கினேம். அவன் எழுதியது இலக்கணம். யாம் காட்டியது இலக்கணம் அறிந்தும் அஞ்சிய பத்தி. சிறுமை இறைவனுக்கு இழிவாமோ என்னும் அச்சமே எம் கண்ணை மறைத்தது.

அவ்வச்சம் வேண்டா என்பதைச் சாந்தோக்கிய உபநிடதத்துத் தகரவித்தை காட்டும். உடம்பாகிய நகரத்துள் இதயத்தாமரை ஒரு சிற்றில். அதனுள் உள்ளது சிறுவெளி. அதனுள் இருப்பதே தேடி அறியத்தக்கது. அவ்வெளி புறத்து விரிந்த ஆகாயத்தினும் குறைந்ததன்று என்பது அதன் கருத்து. தகரம் என்பதற்குச் சிறியது என்றே பொருள். சிறுமையும் வெளியும் அங்கே ஒருங்கு நிற்றலை உற்றுநோக்குக. சிற்றம்பலம் சிறுமையைக் கூறிற்று. சிதம்பரம் வெளியைக் கூறிற்று. ஒலியால் மயங்கிய இரு பெயர்களும் தகராகாசத்தில் பொருளால் கூடுகின்றன.

ஆதலின், பின்னையோர் கூற்றும் முற்றும் கொள்ளற்பாலதன்று. பெயர் பிறந்த வரலாறு ஒன்று. அடியார் அதனுட் கண்ட பொருள் மற்றொன்று. வரலாற்றைக் கொண்டு அநுபவத்தைப் பொய்யென்றலும், அநுபவத்தைக் கொண்டு வரலாற்றை மாற்றுதலும் ஒருபடித்தாய குற்றங்களே. சொல்லின் பிறப்பை இலக்கணத்திற் கேட்க. அதன் பயனைச் சந்நிதியில் உணர்க.

தாம் அருளிய பாடல்களுக்குப் பொருள் யாதென்று தில்லைவாழ் அந்தணர் வினவியபோது, மணிவாசகப் பெருமான் பதவுரை கூறினாரல்லர்; கூத்தப்பெருமானையே பொருளாகச் சுட்டி அம்மன்றுட் கலந்தார் என்பது வரலாறு. பெயருக்குப் பொருள் பல கூறுவார் யாவரும் இறுதியிற் சென்று சேரும் இடம் அதுவே. அம்மாணாக்கன் இன்று எங்குளனோ அறியேம். எங்கிருப்பினும், அவன் எழுதிய விடை சரியே.

திருச்சிற்றம்பலம்