அனிச்சத்தினும் மெல்லியர்

விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்கும் 90ஆம் குறளில் வள்ளுவர் ஒரு பூவைக் கொண்டுவந்து வைக்கிறார். முகர்ந்தாலே வாடிவிடும் அனிச்சம். வீடு தேடி வந்தவரோ, நம் முகம் சற்றே கோணினாலும் வாடிவிடுகிறார். ஒன்றே முக்கால் அடிக்குள் எவ்வளவு நுட்பம்! கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பூ வாடுவதற்கு மூக்கின் அருகே வர வேண்டும். மூச்சுக்காற்று பட வேண்டும். மனிதர் வாடுவதற்கு எட்ட நின்று ஒரு பார்வை போதும். உரையாசிரியர் பரிமேலழகர் இந்த இடத்தில்தான் உருகி நிற்கிறார். தொலைவில் கண்டதும் இன்முகம், நெருங்கியதும் இன்சொல், இசைந்து வந்தபின் நல்ல உபசாரம் என்று மூன்று படிகளை எடுத்துக்காட்டுகிறார். முதற்படியே இடறினால், மற்ற இரண்டுக்கும் வேலையில்லை. வந்தவர் அங்கேயே வாடித் திரும்பிவிடுவார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும் நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் செருப்பு கழன்றிருக்கிறது. மற்றது இன்னும் கழலவில்லை. நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறார். நம் வாய் "வாங்க, வாங்க" என்கிறது. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்வருகிறது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், கிளம்பணும்" என்று கழற்றிய செருப்பில் மறுபடி காலை நுழைக்கிறார். உள்ளே மணக்கிற சமையல் இனி யாருக்கு?

அமுதம், திருமகள், வேள்வி என்று பெரியபெரிய பொருள்களையெல்லாம் பேசிவந்த அதிகாரம், கடைசியில் ஒரு முகத்தில் வந்து முடிகிறது. குறள்களுக்குப் பரிமேலழகர் கொண்ட வரிசைமுறை இது. அடுத்த அதிகாரமான இனியவை கூறலும் தொடக்கத்திலேயே மலர்ந்த முகத்தைத்தான் பேசுகிறது.

என்னை முற்றிலும் வசப்படுத்துவது இன்னொன்று. திருக்குறளில் அனிச்சம் நான்கே இடங்களில் வருகிறது. மற்ற மூன்றும் காமத்துப்பாலில், காதலியின் நலம் பாராட்டும் 112ஆம் அதிகாரத்தில். காம்பு கிள்ளாமல் அந்தப் பூவைச் சூடினால் அவள் இடை தாங்காது. பாதத்தின் கீழ் அது நெருஞ்சிப் பழமாய் உறுத்தும். காதலியின் மென்மையை அளக்க வைத்திருந்த அருமைப் பூவை, பசித்து வந்து நிற்கும் யாரோ ஒருவரின் மனத்தை அளக்கவும் வள்ளுவர் எடுத்திருக்கிறார். விருந்தினருக்கு இதைவிட உயர்ந்த மரியாதையை எந்த அறநூலிலும் நான் கண்டதில்லை.

விருந்தோம்பல் என்னும் இந்த 9ஆம் அதிகாரத்தைப் படித்த கையோடு 112ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.