முன்ஷி அப்துல்லா என்ற பயணி

மலாக்கா பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு ஜாலான் முன்ஷி அப்துல்லா தெரியாமல் இருக்காது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியிலும் படித்திருப்போம். எனக்கு அவர் முதலில் ஒரு பயணி. பார்த்ததை எழுதும் கலையில் அவருக்கு நிகராக இந்த ஊர் இன்னொருவரைத் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

1796இல் கம்போங் பாலியில் பிறந்தார். கொள்ளுப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூர் வந்து, அங்கேயே பெண் எடுத்த அரபியர். அப்துல்லா தமிழை ஆசிரியர் வைத்துப் படித்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய மலாக்காவின் வழக்கம். கணக்கு வழக்குக்கும் வியாபாரிகளோடு பேசவும் அது தேவைப்பட்டது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணக்குப்பிள்ளைக் கண் அவருடைய பயண எழுத்து முழுக்க விழித்திருக்கிறது.

1838இல் சிங்கப்பூரிலிருந்து கடிதங்களோடு கிளந்தானுக்குக் கப்பலேறினார். அங்கே அரச குடும்பத்துக்குள் சண்டை. சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்கு மாட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் கடற்கொள்ளையர் பயம். தான் பயந்ததை அவர் மறைக்கவே இல்லை. பகாங், திரங்கானு என்று இறங்கிய இடமெல்லாம் அவர் கண் முதலில் போவது தெருவுக்குத்தான். சந்து கோணலாக இருக்கிறதா, குப்பை எங்கே கிடக்கிறது, சந்தையில் விற்பது யார்? பெண்கள் உழைக்க, ஆண்கள் கிரிஸும் ஈட்டியுமாகச் சும்மா திரிவதைப் பார்க்கிறார். அரண்மனை முன்னால் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, மஞ்சள் துணி உடுத்தக் கூடாது என்ற தடைகளையும் குறித்துக்கொள்கிறார். குறித்ததோடு விடுவதில்லை, ஏன் இப்படி என்று கேட்கிறார். இதுதான் அவருடைய பழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆங்கிலேயர்மேல் அவர் வைத்த அளவுகடந்த மதிப்பு எனக்கு உடன்பாடில்லை. மலாய் அரசர்களை அளக்கிற கோலால் கம்பெனியை அவர் அளக்கவில்லை. ஆனாலும் அவர் கண் பொய் சொல்லாது. 1807இல் மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தபோது அவர் சிறுவன். யானையளவு, வீட்டளவு கற்கள் வானில் எழும்பிக் கடலில் விழுந்ததைத் தன் வரலாற்றில் அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எஞ்சி நிற்கும் அந்த ஒற்றை வாசலைப் போய்ப் பாருங்கள். படம் எடுக்கக் கை வராது.

1854இல் ஹஜ் பயணம். கப்பல் குமரிமுனையைச் சுற்றும்போது பெரும் புயல். தாயின் வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது என்கிறார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஊரே மதிக்கும் ஆசிரியர், இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறார். முனைக்கு அந்தப் பக்கம் அவருடைய கொள்ளுப்பாட்டி பிறந்த நாடு. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். ஜெட்டாவிலிருந்து அவர் ஊர் திரும்பவில்லை, குறிப்புகள்தான் திரும்பின.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாகவே வரும். பரீட்சைக்காக அல்லாமல், கிளந்தான் பயணத்தை அவர் எழுதிய ‘கிசா பெலாயாரான் அப்துல்லா’வை ஒருமுறை அவர்கள் கையில் கொடுங்கள். பழைய சொற்கள் முதலில் கொஞ்சம் இடறும். திரங்கானு வந்து சேர்வதற்குள் பழகிவிடும்.