கட்டற்ற மென்பொருளும் வீட்டுச் சர்வரும்

மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கிறவருக்குச் சந்தா நின்ற மறுநாள் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதும், சந்தா நிற்காதபோதே உரிமக் காலம் முடிந்து பிடித்த படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடக்கூடும் என்பதும் யாவரும் அறிந்த விஷயங்களே. இதற்குப் பரிகாரமாக, தம்மிடமுள்ள படங்களையும் பாடல்களையும் வீட்டுக் கணினியொன்றில் சேர்த்துவைத்து, தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அங்கிருந்தே அனுப்பும் ‘வீட்டுச் சர்வர்’ ஏற்பாட்டைச் சிலர் நாடுகின்றனர். அதற்கான கட்டற்ற மென்பொருள்களில் பிரதானமான ஜெல்லிஃபினின் குணதோஷங்களை ஆராய்ந்தால், இந்த ஏற்பாட்டின் குணதோஷங்களும் விளங்கும்.

எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை வெளியாகியிருந்த நிரலைக் கொண்டு 2018 டிசம்பரில் பிரிந்த கிளையே ஜெல்லிஃபின். ஒருமுறை திறந்துவிட்ட நிரலை எவரும் திரும்பப் பூட்ட முடியாது என்ற ஜி.பி.எல். உரிமத்தின் தத்துவம் அங்கே பிரத்தியட்சமாயிற்று. ஜெல்லிஃபினில் கட்டணம் இல்லை. கம்பெனியில் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. வீட்டில் யார் எதைப் பார்த்தார் என்ற விவரம் வாசற்படி தாண்ட அவசியமில்லை. இதே துறையிலுள்ள பிளெக்ஸ், வெளியூரிலிருந்து பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலில் கட்டணத்துக்கு உட்படுத்தியதை நினைத்தால், இந்தச் சுதந்திரத்தின் மதிப்புத் தெரியும்.

ஆனால் இச்சுதந்திரம் உழைப்பைக் கேட்கிறது. படக்கோப்பைத் தொலைக்காட்சி தானே புரிந்துகொள்ளுமானால் சர்வருக்கு வேலை சொற்பம். புரியாவிட்டால் ஓடும்போதே வடிவத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். ப்ளூரே தட்டிலிருந்து எடுத்த படம் சுகமாக ஓடிக்கொண்டிருக்கையில், காது மந்தமான தாத்தாவுக்காகச் சப்டைட்டிலைப் போட்டவுடன் அது திணறி நிற்பதுண்டு. அத்தட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இராமல் சித்திரமாக இருப்பதால், அதைக் காட்டத் தெரியாத தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு காட்சியின்மீதும் அதைப் பதித்துப் புதிதாக ஆக்கி அனுப்ப நேர்கிறது. 2011 முதல் இன்டெல் சிப்புகள் பலவற்றில் வரும் குயிக் சிங்க் வசதி இதைச் சமாளிக்கும். வீடியோவை ஆக்கும் தனி வன்பொருள் இல்லாத ராஸ்பெரி பை 5 என்னும் சிறு கணினி திண்டாடும்.

அடுத்தது பெயரிடும் சிரமம். கோப்பின் பெயரை வைத்தே மென்பொருள் படத்தின் விவரங்களைத் தேடுவதால், வெறும் ‘பில்லா’ என்று இட்டால், 1980-இல் வந்ததா 2007-இல் வந்ததா என்று அதற்கு நிச்சயமில்லை. ஆண்டையும் சேர்த்து எழுதிவைப்பவருக்கே நூலகம் ஒழுங்காக அமையும். மின்சாரமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று: 60 வாட் இழுக்கும் பழைய கணினி இரவுபகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகும், தமிழ்நாட்டு வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். 10 வாட்டில் அடங்கும் சிறு கணினிக்கு 15 யூனிட்கூட ஆகாது. மேலும், மென்பொருள் கட்டற்றது என்பதால் படமும் கட்டற்றதாகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் வீட்டுக்குள்ளும் சட்டமே.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்றுண்டு. கம்பெனியை அண்டியிருப்பதிலிருந்து விடுபட்ட குடும்பம், சர்வரை அமைத்த ஒரே ஒருவரை அண்டியிருக்கத் தொடங்குகிறது. அவர் வெளியூர் சென்ற வாரத்தில் ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, மென்பொருளின் புதிய பதிப்பு தகராறு செய்தாலோ, கடவுச்சொல்கூட அறியாத மற்றவர்கள் கைகட்டி நிற்க நேரிடும். மென்பொருள் வழங்கும் சுதந்திரம் நிர்வாகிக்கு மட்டும் சேர்ந்து, ஏனையோருக்கு அவரது தயவாகவே எஞ்சுமானால், எசமானர் மாறினாரேயொழிய நிலைமை மாறவில்லை.

ஆகவே, புதுப்படங்களுக்கான சந்தாவை மிச்சப்படுத்தும் உபாயமாக மட்டும் இதைக் கருதுவோர் ஏமாற்றமே அடைவர். கல்யாண வீடியோ, தாத்தா பாட்டியின் குரல்பதிவு, விலைகொடுத்து வாங்கிய தட்டுகள் எனச் சந்தையில் மறுபடி கிடைக்காதவற்றை உடையோருக்கு இது மிகவும் உகந்தது. அவர்களும் தனி டிஸ்க் ஒன்றில் மறுபிரதியும், வீட்டில் இன்னொருவருக்கேனும் நிர்வாகப் பயிற்சியும் ஏற்படுத்திய பின்னரே, சேமிப்பு குடும்பத்தின் சொத்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.