தறிச் சத்தத்தை எவ்வளவு வெட்டலாம்?

கலசப்பாக்கத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் ஒரு வீடு. பெரியவர் குழித்தறியில் நெய்தபடியே பேச, அவர் உட்கார்ந்திருந்த பலகையிலேயே போனை வைத்துப் பதிவு செய்தேன். அதுதான் முதல் தப்பு. ஒவ்வோர் அடியும் மரம் வழியாக மைக்கில் இறங்கி, 40 நிமிடப் பேச்சில் பாதிக்குமேல் 'தொம் தொம்' என்றே கேட்டது.

பரிகாரத்துக்கு ஆடாசிட்டியைத் திறந்தேன். 2000-இலிருந்து கிடைக்கும் இலவச மென்பொருள். அதில் ஈக்வலைசர் இரண்டு உண்டு. கிராபிக் ஈக்யூவில் 31 குமிழ்கள் வரிசையாக நிற்கும். மைக்செட்காரர்களுக்குப் பழகிய முகம். பில்டர் கர்வ் ஈக்யூ அப்படியல்ல. ஒரு நேர்க்கோட்டைக் கொடுத்து, 'இழுத்து வளைத்துக்கொள்' என்று விட்டுவிடும். க்ளிக் செய்தால் கோட்டில் ஒரு புள்ளி விழும். வேண்டாத புள்ளியைக் கட்டத்துக்கு வெளியே இழுத்து எறிந்தால் போய்விடும்.

இந்த வேலைக்கு வளைகோடுதான் சரிப்பட்டது. ஆண்குரலின் அடிநாதம் பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். அதனால் 80-க்குக் கீழே கோட்டைச் சரித்து 24 டெசிபல் இறக்கினேன். தொம் தொம் அடங்கியது. மின்விசிறியோடு வந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே போனது. 300 பக்கம் மூன்று டெசிபல் குறைத்ததும் பானைக்குள் பேசுவது போன்ற அடைப்பு விலகியது. 3000-இல் இரண்டு டெசிபல் ஏற்றியதில் ட, ற, ச எல்லாம் பிசிறில்லாமல் விழுந்தன. அதற்குமேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள், ஒலி உச்சம் தட்டிக் கரகரக்கும். ஏற்றுவதைவிட வெட்டுவதே இந்தக் கருவிக்குக் கைவந்த கலை.

குறை? புள்ளிக்கு எண்ணைத் தட்டச்சு செய்ய வழியில்லை. மவுஸால் 80-ஐப் பிடிக்கப் போனால் 83-இல் நிற்கும். அமைப்பைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, நோட்பேடில் எண்களைத் திருத்தி, மறுபடி இறக்குமதி செய்வது என் குறுக்குவழி. முன்னோட்டமும் சில நொடிகளில் நின்றுவிடும். அமைப்புகளுக்குள் போய் அந்த நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொறுமை போய்விடும்.

தறிப் பலகை 'டக்' என்று அறையும் மேல்சத்தம் மட்டும் எந்த வளைவுக்கும் மசியவில்லை. அது பேச்சு இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் பேச்சும் சேர்ந்து போகும்.

வேலை முடிந்த பெருமையில் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், "பேசறது நான்தான். தறி யார் ஊட்டுது தம்பி?" என்றார். அடி போய், வெறும் டக் மட்டும் மிஞ்சியிருந்தது அவர் காதுக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவு மூலக்கோப்பை மறுபடி எடுத்து, 24-ஐ 9 ஆக்கினேன்.